டீன் காட்டு சைக்கிள் பாதை: பாதைக்கு நாலரை, வாடகை சைக்கிளுக்கு மூன்று, போய்ச் சேர்வதற்கு ஒன்றரை

மொத்தமாக ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நகர முடியாத இடம் இது. பாதையை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன். அங்கே வாடகைக்கு எடுத்த சைக்கிளுக்கு மூன்று போதும். கார் இல்லாமல் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ஒன்றரை போட்டாலே அதிகம். மூன்றையும் கூட்டி வகுத்தால் வருகிற எண் யாருக்கும் உதவாது, அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

இடம் ஃபாரஸ்ட் ஆஃப் டீன். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், வேல்ஸ் எல்லையை ஒட்டி, செவர்ன் ஆற்றுக்கும் வை ஆற்றுக்கும் நடுவில் இருக்கிற பழைய ராஜாங்க வேட்டைக்காடு. 1938-இல் இங்கிலாந்தின் முதல் தேசிய வனப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஃபாரஸ்ட்ரி இங்கிலாந்து என்கிற அரசு வன அமைப்பு பராமரிக்கிறது. காட்டுக்குள் மலைச்சைக்கிள்காரர்கள் குதித்துக் குதித்துப் போகிற தடங்கள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நான் சொல்வது ‘ஃபேமிலி சைக்கிள் டிரெயில்’ என்கிற வட்டப் பாதை. ஏறக்குறைய 11 மைல், அதாவது 17 கிலோமீட்டர் அளவில் வரும். கேனப் என்ற இடத்தில் கிளம்பி, காட்டைச் சுற்றிவிட்டு, அங்கேயே வந்து சேரலாம்.

பெயரில் ஃபேமிலி இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கான பாதை என்று பல பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். சைக்கிளில் பை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்பது என் கட்சி. சரிவுதான் காரணம்.

இந்தப் பாதையின் பெரும்பகுதி பழைய ரயில் தடம். செவர்ன் அண்டு வை ரயில்வே என்று ஒரு கம்பெனி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை இழுக்கும் டிராம் பாதையாக ஆரம்பித்து, பிறகு நிஜமான ரயிலாக மாறியது. காட்டுக்குள் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றி வளைத்து 1872-இல் ‘மினரல் லூப்’ என்று ஒரு கிளை போட்டார்கள். நாம் மிதிப்பதில் பெரும்பங்கு அந்தக் கிளையின் மேல்தான். பயணிகள் ரயில் 1929-லேயே இந்தப் பக்கம் நின்றுபோனது, அப்புறம் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுத் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நிலக்கரி ஏற்றிய வண்டியை நீராவி எஞ்சின் இழுக்க வேண்டுமென்றால் ஏற்றம் மிகவும் மெதுவாகத்தான் இருந்தாக வேண்டும். அதற்காக மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் அந்தக் காலத்து ஆட்கள் செய்துவைத்த வேலை, இன்றைக்கு நம் முழங்காலுக்கு உபகாரமாகிறது. ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பதே பல இடங்களில் தெரியாது, கை தானாக ஒரு கியர் குறைத்த பிறகுதான் ‘ஓ, ஏற்றமா’ என்று உறைக்கும். தடத்தை விட்டுப் பாதை விலகிப் போகிற சில இடங்களில் மட்டும் சட்டென்று ஒரு செங்குத்து வரும். பாரம் கட்டிய சைக்கிள் என்றால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

முதுகுக்குப் பின்னால் உறுமும் லாரி கிடையாது, பக்கத்தில் உரசுவது போல வந்து போகும் வேன் கிடையாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டே பேச முடிகிறது. சாலையில் மிதித்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் முழுக்க முழுக்க வண்டியே இல்லாத பாதை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றிரண்டு இடங்களில் பொதுச் சாலையைக் கடக்க வேண்டும், அங்கே சரிவில் வந்த வேகம் கையில் இருக்கும், அதனால் முன்கூட்டியே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். மரம் வெட்டும் வேலை நடக்கிற நாட்களில் பெரிய வனத்துறை வண்டிகளும் வரும், அப்போது சில பகுதிகளை மூடிச் சுற்றுப் பாதை காட்டி பலகை வைப்பார்கள். பலகையை மதியுங்கள், ‘சைக்கிள்தானே, சந்தில் நுழைந்துவிடலாம்’ என்கிற நம் ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டாம். நடப்பவர்கள், நாய்கள், குதிரைக்காரர்கள் எல்லாரும் பாதையில் உண்டு. குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கினால் மணி அடிக்காமல் வாயால் குரல் கொடுப்பதுதான் நல்லது.

தரை கெட்டித்த கல்தூள். காய்ந்த நாளில் அருமை, சர்ரென்று ஒரு மெல்லிய சத்தத்தோடு டயர் உருளும். மழை பெய்துவிட்டால் அதே தூள் சாம்பல் நிறக் குழம்பாகி, மட்கார்டு இல்லாத சைக்கிளில் போனவர் முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு கோடு போட்டுவிடும். செயினில் அது ஒட்டிக்கொண்டால் மிளகாய் அரைக்கிற அம்மி மாதிரி ஒரு சத்தம் வரும். வீட்டுக்கு வந்து துடைத்து எண்ணெய் போடாமல் விட்டால் செயினின் ஆயுள் குறையும். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், 40 என்றால் இன்னும் சுகம். ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயரோடு வந்தவர்களையும் பார்த்தேன், சுற்றி முடித்துவிட்டார்கள், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

இனி காடு. விளம்பரங்களில் ‘பழமையான காட்டுக்குள் பயணம்’ என்று போடுகிறார்கள். எங்களோடு வந்த மாமனார் (வேலைக்காலம் முழுவதும் சைக்கிளிலேயே ஆபீஸ் போனவர், எங்கள் எல்லாரையும் விட நிதானமாக மிதித்தவர்) கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, வரிசையா நட்டு வெச்சிருக்கான், இதுக்குப் போய் பழைய காடுன்னு பேரா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பாதையோரத்தில் பல இடங்களில் தெரிவது மரத்துக்காக நட்ட ஊசியிலை மரங்கள்தான். ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் வெளிச்சமே இல்லை.

அப்படியானால் விளம்பரம் பொய்யா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் பழமையான காடு என்று கணக்கில் சேர்க்கிறார்கள், ஸ்காட்லாந்தில் அந்த வருஷம் 1750. மரத்தின் வயதைவிட நிலத்தின் தொடர்ச்சிக்குத்தான் அங்கே மதிப்பு. மேலே நிற்கிற மரத்தை வெட்டி வேறு நட்டிருக்கலாம், ஆனால் கீழே மண் உழப்படாமல் இருந்தால் அதிலிருக்கிற விதையும் கிழங்கும் பூஞ்சையும் பழையவைதான். அதனால் இந்தக் காட்டில் கண்ணை மேலே வைக்காமல் தரையில் வைத்துக்கொண்டு மிதியுங்கள். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத் தொடக்கத்திலும் போனால் ஓக் மரங்களுக்கு அடியில் புளூபெல் பூக்கள் ஊதா கலந்த நீலத்தில் பரந்து கிடக்கும். அவற்றோடு உட் அனிமோன் என்கிற சின்ன வெள்ளைப் பூவும் தெரிந்தால் அந்த மண் நிஜமாகவே பழசு என்று எடுத்துக்கொள்ளலாம். அது விதையால் பரவுவது அபூர்வம், தண்டால் ஊர்ந்து ஊர்ந்து மிக மெதுவாகத்தான் இடம் பிடிக்கும், அதனால் ஒரு பரப்பை நிறைக்க அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் காலம் வேண்டும். ஈரமான சரிவுகளில் காட்டுப் பூண்டு வாசனை மூக்கைத் துளைக்கும். மாமனார் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, சமையலுக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகும்தான், ஆனால் விஷமுள்ள வேறு சில செடிகளின் இலையும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

பெரிய ஓக் மரங்களுக்கும் ஒரு கதை உண்டு, எனக்கு இந்தக் காட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான். 1802-இல் கடற்படைத் தளபதி நெல்சன் இங்கே வந்து பார்த்துவிட்டு, போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் போதாது, உடனே நட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். 1808-இல் அதற்கு ஒரு சட்டமும் போட்டு, ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வேலி கட்டி ஓக் நட்டார்கள். கப்பலுக்கு ஆகிற அளவுக்கு மரம் பருக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆகுமே, மரம் தயாரானபோது கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. அதில் தப்பித்த மரங்கள் சிலவற்றுக்குக் கீழேதான் இன்று நாம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்கிறோம். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்எண்ட் கிராமத்துப் பக்கம் இருக்கும் நாக்ஸ்ஹெட் பறவைக் காப்பகத்துக்குச் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு நடந்து போங்கள். ஓக் இலையைத் தின்னும் புழுக்களைப் பறவைகளை வைத்தே கட்டுப்படுத்தலாம் என்று 1942-இல் அங்கே மரங்களில் கூடுபெட்டி மாட்டினார்கள். அது இன்றுவரை தொடர்கிறது, கோடையில் பைட் ஃபிளைகேச்சர் என்கிற கறுப்பு வெள்ளைக் குருவி அந்தப் பெட்டிகளில் குடித்தனம் நடத்துகிறது.

வழியில் நிற்க வேண்டிய இன்னொரு இடம் நியூ ஃபேன்சி. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம், இப்போது அதன் கழிவு மேட்டின் மேல் ஒரு பார்வை மேடை. கடைசிக் கொஞ்ச தூரம் ஏறினால் நாலா பக்கமும் காடுதான். குளிர்காலக் கடைசியில் காஸ்ஹாக் என்கிற வல்லூறு வானத்தில் வட்டமடிப்பதைப் பார்க்க பைனாகுலரோடு ஆட்கள் அங்கே காத்துக் கிடப்பார்கள். காட்டுக்குள் சின்னதாக ஒரு சுரங்க வாய் தெரிந்தால் எல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் பிறந்து, 21 வயது நிரம்பி, ஒரு வருஷமும் ஒரு நாளும் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு ‘ஃப்ரீமைனர்’ என்று ஒரு உரிமை உண்டு, 1838-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேர் இன்னும் தோண்டுகிறார்கள்.

கேனப் குளங்கள் அழகாக இருக்கும், படம் எடுக்கலாம். 1820-களில் பார்க்எண்ட் இரும்பாலையின் நீர்ச்சக்கரத்துக்காகத் தேக்கிய தண்ணீர் அது. அவ்வளவுதான், அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை.

காட்டுப் பன்றி பற்றிக் கேட்பீர்கள். உண்டு. பிரிட்டனில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனவை, 1990-களில் பண்ணையிலிருந்து தப்பியவையும் 2004-இல் யாரோ கொண்டுவந்து விட்டவையும் சேர்ந்து இங்கே மறுபடி பெருகிவிட்டன. பகலில் கண்ணில் படுவது குறைவு, ஆனால் பாதையோரப் புல்தரை ஏர் உழுத மாதிரி புரட்டிக் கிடந்தால் ராத்திரி வேலை பார்த்தது அவைதான். குட்டியோடு தாயைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள், போனை எடுக்காதீர்கள்.

அடுத்து வாடகை சைக்கிள். கடை பெயர் வேண்டாம். எனக்குக் கொடுத்தது முன் ஷாக் வைத்த ஒரு ஹைபிரிட் (சாலைக்கும் மண் தடத்துக்கும் பொதுவான சைக்கிள்), பார்க்கப் பளபளப்பாக இருந்தது. கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே சீட் கம்பி மெல்ல மெல்ல உள்ளே இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, முட்டி வலிக்கத் தொடங்கியபோதுதான் குனிந்து பார்த்தேன், கம்பியில் இருந்த அளவுக் கோடுகளில் நாலைந்து காணோம். பிடிப்பு நெம்புகோலை மடக்கி இறுக்கினால் அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல மடங்கிற்று, அப்படி மடங்கினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், உள்ளங்கையில் தடம் பதிகிற அளவுக்கு அழுத்தினால்தான் மடங்க வேண்டும். எதிர்ப்பக்கத் திருகை இரண்டு சுற்று இறுக்கியதும் சரியாகிவிட்டது. திரும்பி வந்து சொன்னபோது கவுண்ட்டரில் இருந்த பையன் சாரி கேட்டு உடனே அந்த சைக்கிளை ஓரமாக வைத்தான், அந்த மரியாதைக்காகத்தான் மூன்று, இல்லையென்றால் இரண்டு.

அதனால் வாடகைக்கு எடுப்பவர்கள் கடை வாசலை விட்டு நகர்வதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள்: பிரேக் நெம்புகோல் கைப்பிடியைத் தொடாமல் நிற்கிறதா, எல்லா கியரும் விழுகிறதா, டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழையாமல் இருக்கிறதா. பங்க்சர் ஆனால் என்ன செய்ய வேண்டும், போன் செய்தால் ஆள் வருவார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், காட்டுக்குள் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. மிதிக்க மோட்டார் உதவுகிற இ-பைக்கும் கிடைக்கும். பிரிட்டன் சட்டப்படி மோட்டார் 250 வாட்டைத் தாண்டக் கூடாது, மணிக்கு 15.5 மைல் வேகத்தைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும், 14 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக் கூடாது. இந்தப் பாதைக்கு இ-பைக் தேவையா என்றால், முட்டி பலவீனமானவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அந்தக் காசு வீண்.

பை கட்டிப் பயணம் போகிற எண்ணம் இருந்தால் வாடகை சைக்கிளை மறந்துவிடுங்கள். எனக்குக் கொடுத்ததில் பின் கேரியர் கிடையாது, தோளில் பை மாட்டி மிதித்ததில் வியர்வைதான் மிச்சம். சொந்த சைக்கிள், கேரியர், இரண்டு பக்கமும் தொங்கும் பை, கொஞ்சம் அகல டயர், சின்னக் கியர், மட்கார்டு. இவ்வளவு இருந்தால் போதும், விலை உயர்ந்த கார்பன் சமாச்சாரம் எதுவும் இந்தக் கல்தூளில் கூடுதலாக ஒரு சுகமும் தராது.

கடைசியாக வயிற்றெரிச்சல். காரே இல்லாத பாதை என்று கொண்டாடுகிற இடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டுதான் வருகிறார்கள், காரணம் வேறு வழி சிரமம். பக்கத்து ரயில் நிலையம் லிட்னி, குளோஸ்டரிலிருந்து வேல்ஸ் பக்கம் போகிற தடத்தில் இருக்கிறது. ரயிலில் சைக்கிளுக்கு இடம் குறைவு, முன்பதிவு வேண்டுமா வேண்டாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். லிட்னியில் இறங்கினால் பார்க்எண்ட் போக பி4234 சாலைதான், அதில் கார்கள் நன்றாகவே பறக்கின்றன. காடு அமைதியாக இருக்கிறது என்று வருகிறவர் முதல் சில மைல்களை அந்த வேகத்துக்குப் பக்கத்தில் மிதிக்க வேண்டியிருப்பது பெரிய குறை. ஒரு மாற்று உண்டு. டீன் ஃபாரஸ்ட் ரயில்வே என்று ஆர்வலர்கள் நடத்தும் பழைய ரயில் லிட்னி ஜங்ஷனிலிருந்து பார்க்எண்ட் வரை ஓடுகிறது. ஆனால் தினமும் ஓடாது, அட்டவணையைப் பார்த்து, சைக்கிளை ஏற்றிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

யாருக்கு இது சரிப்படாது? ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால்தான் தூக்கம் வரும் என்பவர்களுக்குப் போதாது, காலையிலேயே முடிந்துவிடும். ‘பேங்க் ஹாலிடே’ என்கிற பொது விடுமுறை ஒட்டிய வார இறுதியில் போகிறவர்களுக்கும் அமைதி கிடைக்காது. கேனப் கார் நிறுத்தத்திலேயே அரை நாள் போய்விடும். சாதாரண வார நாளில் போனால் பாதை உங்களுக்கே.

இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால் காட்டோடு நிறுத்தாமல் வை ஆற்றுப் பக்கமும் போங்கள். மன்மத்திலிருந்து சைமண்ட்ஸ் யாட் வரை ஆற்றை ஒட்டியே போகும் பெரிகிரின் பாதை, அதுவும் பழைய ரயில் தடம்தான், வழியெல்லாம் மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து கிடக்கும். அப்புறம் டின்டர்னுக்கும் செப்ஸ்டோவுக்கும் நடுவில் 2021-இல் திறந்த வை வேலி கிரீன்வே. அதில் டிடன்ஹம் சுரங்கப்பாதை என்று ஒரு கிலோமீட்டருக்கும் மேலான நீளத்தில் ஒரு ரயில் சுரங்கம், உள்ளே மங்கலான வெளிச்சம்தான், வெயில் நாளிலும் குளிரும், மேல்சட்டை ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். வௌவால்கள் உறங்குகிற காலம் என்பதால் அக்டோபர் தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசிவரை சுரங்கத்தை மூடிவிடுகிறார்கள். புளூபெல்லும் வேண்டும் சுரங்கமும் வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்துக்கு இப்போதே லீவு சொல்லிவையுங்கள்.